கேட்டுக்கு வெளியே நிற்கும் கட்டுச்சோறு

தீம் பார்க்கில் டிக்கெட்டைச் சரிபார்க்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு மேசை போட்டிருப்பார்கள். பைகளைத் திறந்து காட்ட வேண்டிய மேசை அது. கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அதைப் பார்த்தால், ஒரு தெருவின் சமையல்கட்டு மொத்தமும் வந்து இறங்கியது போலிருக்கும். மந்தாரை இலையில் மடித்த எலுமிச்சை சாதம், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி ஹாட்பாக்ஸில் அடுக்கிய இட்லி, சம்படத்தில் முறுக்கு, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். “சாப்பாடு உள்ளே அனுமதி இல்லைங்க” என்று காவலாளி சொன்னதும் குடும்பம் இரண்டாகப் பிரியும். ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்குத் திரும்பி ஓடுவார். மற்றவர்கள் வரிசையை விட்டு ஒதுங்கி, பிள்ளைகளின் வாயில் ஆளுக்கு இரண்டு இட்லியைத் திணிப்பார்கள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து கிளறிய சாதம் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் போய்விடும். அன்றைக்கு அந்தக் குடும்பம் சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவழிக்கப்போகிறது என்பது அந்த மேசையிலேயே முடிவாகிவிட்டது. மதியம் கேன்டீன் கவுன்ட்டரில் நின்று விலைப்பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதெல்லாம் அதற்குப் பிறகு நடக்கும் சடங்கு.

விடுமுறைச் செலவைக் குறைப்பது பற்றி எழுதும்போது எல்லோரும் அந்தக் கவுன்ட்டரிலிருந்துதான் தொடங்குகிறார்கள்: இதை வாங்காதே, அதைப் பகிர்ந்துகொள் என்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் கொண்ட குடும்பம். ஒரு சாப்பாடு 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மதியத்துக்கு 1,250. சாயங்காலம் பஜ்ஜி, காபி, ஐஸ்க்ரீம் என்று ஆளுக்கு 150 வைத்தால் 750. தண்ணீர், குளிர்பானம் என்று இன்னும் 300. மொத்தம் 2,300 ரூபாய். இதில் பகிர்ந்து சாப்பிட்டு மிச்சம் பிடித்தால் ஐந்நூறு மிஞ்சலாம். வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடும் பூங்காவாக இருந்தாலோ, இந்தத் தொகையில் முக்கால்வாசி எழவே எழாது. ஆகவே குடும்பத்தின் கையில் இருக்கும் பெரிய முடிவு எந்த ராட்டினம் என்பதோ எந்தக் கேன்டீன் என்பதோ இல்லை. எந்தப் பூங்கா, அதன் சாப்பாட்டு விதி என்ன என்பதுதான். டிக்கெட் விலையோடு இந்த விதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் பூங்காவின் உண்மையான விலை தெரியும்.

இதைச் சொல்லப் பூங்காக்களின் வரலாறே துணைக்கு வருகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பியூனா பார்க் என்ற ஊரில் பெர்ரிப் பழப் பண்ணை வைத்திருந்த நாட் தம்பதி 1934-இல் கோழி வறுவல் சாப்பாடு போடத் தொடங்கினார்கள். முதல் நாள் எட்டுச் சாப்பாடு. கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளில் பரிமாறினார் கோர்டெலியா நாட். விலை 65 சென்ட். கூட்டம் பெருகி, மணிக்கணக்கில் காத்துக் கிடப்பவர்களுக்குப் பொழுது போகவேண்டுமே என்று அவர் கணவர் வால்ட்டர் 1940-இல் பழைய மேற்கத்திய ஊர் ஒன்றைப் பக்கத்தில் கட்ட ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பெரிய தீம் பார்க் ஆனது. அங்கே சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்காகப் பூங்கா பிறந்தது. இன்றைக்கு நிலைமை தலைகீழ். 1997-இல் அந்தப் பூங்காவை வாங்கிய சீடர் ஃபேர் நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மொத்த வருவாய் ஏறக்குறைய 147 கோடி டாலர். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உள்ளே விற்ற உணவு, பொருட்கள், விளையாட்டுக் கடைகள் என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகிறது. பங்குச்சந்தையில் இருக்கும் நம் நாட்டுப் பூங்கா நிறுவனமும் ‘டிக்கெட் அல்லாத வருமானம்’ என்று தனியாகவே ஒரு வரி போட்டு முதலீட்டாளர்களுக்குக் காட்டுகிறது. உங்கள் பசி அவர்கள் கணக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே ஏறிவிட்ட வரவு.

பொருளாதார அறிஞர் வால்ட்டர் ஓய் 1971-இல் டிஸ்னிலேண்டை உதாரணமாக வைத்து ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை எழுதினார். நுழைவுக்கு ஒரு விலை, உள்ளே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் ஒரு விலை என்று இரண்டு அடுக்காக வசூலிக்கும் ஏகபோக வியாபாரி எதை ஏற்றுவான், எதை இறக்குவான் என்பது கேள்வி. வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் என்றால் உள்ளே இருப்பதை அடக்க விலைக்கே கொடுத்துவிட்டு, லாபம் முழுவதையும் வாசலிலேயே வாங்கிக்கொள்வதுதான் அவனுக்கு நல்லது என்று கணக்கு காட்டியது கட்டுரை. டிஸ்னிலேண்டும் 1982-இல் ராட்டினச் சீட்டுப் புத்தகங்களைக் கைவிட்டு, ஒரே டிக்கெட்டில் எல்லாம் என்று மாறியது. உலகம் முழுக்க இன்று அதுவே வழக்கம். ராட்டினம் டிக்கெட்டுக்குள் வந்துவிட்டது. சாப்பாடு மட்டும் வரவில்லை. காரணம் எளிது. டிக்கெட் விலையை வீட்டில் உட்கார்ந்து, இரண்டு பூங்காக்களை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்கிறோம். அதை ஏற்றினால் வேறு பூங்காவுக்குப் போய்விடுவோம். சாப்பாட்டு விலையை மதியம் ஒன்றரை மணிக்கு, அலைக்குளத்தில் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு, நனைந்த துணியோடு, அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்க்கிறோம். அந்த நேரத்தில் யாரும் எதையும் ஒப்பிடுவதில்லை.

வாசலில் இருக்கும் விதி இயற்கை நியதி இல்லை, மாற்றக்கூடிய ஒன்றுதான் என்பதற்குச் சீனாவே சாட்சி. ஷாங்காய் டிஸ்னிலேண்ட் 2016 ஜூனில் திறந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் வெளி உணவுக்குத் தடை போட்டது. 2019 ஜனவரியில் சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் நாற்பது சொச்சம் யுவானுக்கு வாங்கிய தின்பண்டங்களோடு போனார். வாசலில் பையைச் சோதித்தார்கள், பண்டத்தை உள்ளே விடவில்லை. அவர் வழக்குப் போட்டார். இதே நிறுவனம் அமெரிக்காவிலும் பாரிஸிலும் தின்பண்டத்தை அனுமதிக்கிறதே, ஆசியாவுக்கு மட்டும் ஏன் தனி விதி என்ற கேள்வி சீனா முழுக்கப் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் பூங்கா விதியைத் திருத்தியது: சூடாக்க வேண்டியதும் துரியன் போல் வாடையடிப்பதும் கூடாது, மற்றபடி சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுவரலாம். வழக்கு சமரசத்தில் முடிந்தது. மாணவிக்கு 50 யுவான் இழப்பீடு. தொகை அற்பம்தான். ஆனால் நாற்பது சொச்சம் யுவான் தின்பண்டத்துக்காக ஒருவர் கோர்ட்டுப் படியேறியதால் கோடிக்கணக்கானவர்களின் பை திறந்து மூடப்படுகிறதே தவிர, காலியாவதில்லை.

உள்ளே விட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் நியாயமானதா? ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 1971-இல் திறந்தது. அங்கே சொந்தச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, குளிர்பெட்டி 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, உதிரி ஐஸ் கட்டி கூடாது. முக்கியமான நிபந்தனைகள் இவைதான். குளிர்பானம் விற்கும் விரைவு உணவு கவுன்ட்டர்களில் ஐஸ் போட்ட தண்ணீர் கேட்டால் காசில்லாமல் ஒரு கோப்பை தருகிறார்கள். இத்தனைக்கும் அங்கே உணவகங்கள் ஈ ஓட்டவில்லை. பென்சில்வேனியாவில் நோபல்ஸ் என்ற பூங்கா 1926-லிருந்து நடக்கிறது. நுழைவுக் கட்டணமும் இல்லை, பார்க்கிங் கட்டணமும் இல்லை. மர நிழலில் மேசை போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்து சாப்பிடுங்கள் என்கிறது. அதே பூங்காதான் அமெரிக்கப் பூங்காக்களிலேயே நல்ல சாப்பாடு கிடைக்கும் இடம் என்று துறைப் பத்திரிகையின் ‘கோல்டன் டிக்கெட்’ விருதைப் பலமுறை வாங்கியிருக்கிறது. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. வீட்டுச் சாப்பாடு பக்கத்து மேசையில் இருக்கும்போது, கடைக்காரர் ருசியாகச் சமைத்தாக வேண்டும், விலையை நிதானத்தில் வைத்தாக வேண்டும். போட்டி என்றால் அதுதான் போட்டி.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு சட்டத்திடமிருந்தே வருகிறது, அதுவும் பலமாக. சினிமா தியேட்டருக்குள் வெளி உணவைத் தடுக்கக் கூடாது என்று ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018-இல் போட்ட உத்தரவை, உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்தது. தியேட்டர் தனியார் சொத்து. பொதுநலனுக்கும் பாதுகாப்புக்கும் முரணில்லாத வரை விதிகளை உரிமையாளர் வகுக்கலாம். பிடிக்காதவர் போகாமல் இருக்கலாம் என்பது அதன் சாரம். ஒருவர் ஜிலேபி தின்றுவிட்டு நாற்காலியில் கையைத் துடைத்தால் யார் பொறுப்பு என்று தலைமை நீதிபதி கேட்டது அப்போது பத்திரிகைகளில் கலகலப்பாக ஓடியது. அதே நேரத்தில், நல்ல குடிநீரை இலவசமாகத் தரவேண்டும், கைக்குழந்தையோடு வருபவர்கள் அதற்கான உணவை நியாயமான அளவில் கொண்டுவரலாம் என்பதையும் நீதிமன்றம் சொன்னது. பூங்கா உரிமையாளர்களும் இந்தத் தர்க்கத்தையே கையில் எடுப்பார்கள். சட்டம் அவர்கள் பக்கம் சாய்வதை மறைத்துப் பயனில்லை. ஆனால் தியேட்டரில் மூன்று மணி நேரம், பூங்காவில் ஏழெட்டு மணி நேரம். படத்துக்குப் போய்ப் பட்டினி கிடந்தால் இரவு வீட்டில் சாப்பிடலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடும் தாத்தாவும் நாலு வயதுப் பேத்தியும் பூங்காவில் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியாது. வெளியே போய் வரலாம் என்றால் பல பூங்காக்களில் மறுநுழைவு கிடையாது. வெளியேறவும் முடியாமல், கொண்டுவரவும் முடியாமல், ஒரே ஒருவரிடம் மட்டும் வாங்கவேண்டிய இடத்தில் ‘பிடிக்காவிட்டால் வாங்காதே’ என்ற வாதம் செல்லாக்காசு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்றொரு பிரிவு இருக்கிறது. டிக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தை அந்தப் பிரிவின் வெளிச்சத்தில் யாராவது வாசித்துப் பார்க்கலாம்.

குப்பை பற்றிய மறுப்பைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. எண்ணெய் சொட்டும் இலையும் எலும்பும் நீச்சல் குளத்தோரம் கிடந்தால் எவரும் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். பொதுவிடத்தில் நாம் குப்பை போடும் லட்சணம் ஊரறிந்தது. ஆனால் அதற்கு மருந்து தனி இடம், தடை இல்லை. டோக்கியோ டிஸ்னியில் வெளி உணவுக்கு அனுமதி இல்லை. இருந்தாலும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட வாசலுக்கு வெளியே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தடையிலும் ஒரு மரியாதை உண்டு என்பதற்கு அது உதாரணம். நம் பூங்காக்களின் வாசலில் நாலு தூண் நட்டு, தகரக் கூரை போட்டு, ஒரு குழாயும் குப்பைத் தொட்டியும் வைத்து, கையில் முத்திரை குத்தி மதியம் ஒருமுறை வெளியே போய்வர விட்டால் போதும். சாப்பாட்டு வருமானம் குறைந்தால் டிக்கெட்டை ஏற்றுவோம் என்பது அடுத்த வாதம். ஏற்றட்டும். அது கண்ணுக்குத் தெரியும் விலை. வீட்டிலிருந்தே ஒப்பிடலாம், கட்டுப்படியாகாவிட்டால் வேறு ஊருக்குப் போகலாம்.

எனக்கு மிகவும் சங்கடம் தரும் மறுப்பு வேறொன்று. அது பூங்காக்காரரிடமிருந்து வருவதில்லை, வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. ‘வருஷத்தில் ஒரு நாள் வெளியே போகிறோம், அன்றைக்குமா நான் அடுப்படியில் நிற்கவேண்டும்?’ இந்தக் கேள்விக்கு முன்னால் சிக்கன உபதேசங்கள் பாதி உதிர்ந்துவிடும். கட்டுச்சோறு மலிவு என்று நாம் கணக்குப் போடும்போது அதில் அரிசி விலை இருக்கிறது, எண்ணெய் விலை இருக்கிறது. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்தவரின் தூக்கத்துக்கு விலை போடுவதில்லை. அவர் மதியம் அலைக்குளத்தின் ஓரத்தில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்து கண் அயர்ந்துவிடுவார். இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து ஒருவரின் விடுமுறையைச் செலவழித்துவிட்டால், அதை மிச்சம் என்று எப்படிச் சொல்வது? ஆகவே சாப்பாடு கொண்டுபோவதென்றால் அது ஒரே ஆளின் வேலையாக இருக்கக் கூடாது. ஐந்து வகைச் சாதமும் வேண்டியதில்லை. முந்தின இரவே கிளறி வைத்த புளிச்சோறு, பொடி தடவிய இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய் போதும். அதுவும் முடியவில்லையென்றால் போகிற வழியில் மெஸ்ஸில் பார்சல் வாங்கிக்கொண்டால் போச்சு. பார்சல் சாதமும் பூங்காவின் மதியச் சாப்பாட்டை விட மலிவாகத்தான் இருக்கும்.

எது தாங்கும், எது தாங்காது என்பது பாட்டிமார்களுக்கு அத்துப்படி. புளியும் எண்ணெயும் சேர்ந்தது நிற்கும். எலுமிச்சை சாதத்தில் வெங்காயம் போட்டால் மதியத்துக்குள் வாடை வந்துவிடும். தேங்காய்ச் சட்னி கோடைப் பயணத்துக்கு ஆகாது, பத்து மணிக்கே நூல் விடும். தயிர் சாதம் கட்டுபவர்கள் குழைந்த சோற்றில் காய்ச்சிய பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிரை உறைக்கு விடுவார்கள். சாப்பிடும் நேரத்துக்கு அது பதமாகப் புளித்திருக்கும். ஆனால் இந்தச் சூட்சுமமெல்லாம் மரத்தடி நிழலுக்குத்தான். மே மாதத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அதே தயிர் சாதத்தை நாலு மணி நேரம் வைத்துவிட்டுப் பிள்ளைக்கு ஊட்டினால், மிச்சம் பிடித்த பணம் மருத்துவமனைக்குப் போகும்.

சரி, தடை உள்ள பூங்காவுக்குத்தான் போகிறோம். நம் ஊர்ப் பூங்காக்களில் பெரும்பாலானவை அப்படித்தான். அங்கே பணத்தை மிச்சப்படுத்துவது நேரத்தைக் கையாள்வதில் இருக்கிறது. பூங்காவின் விலைக்குப் பலம் சேர்ப்பது உங்கள் பசி. எனவே பசி எடுக்குமுன் சாப்பிட வேண்டும். காலை ஒன்பதரைக்கு மேல் வாசலுக்கு வெளியே, ஊர் ஓட்டலிலோ வேன் பக்கத்திலோ, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனால், வேளை தவறக் கூடாத தாத்தாவும் பேத்தியும் தவிர மற்றவர்களுக்கு மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போகும். ஒரு மணிக்கு எல்லோரும் கேன்டீன் வரிசையில் நிற்கும்போது ராட்டின வரிசை காலியாக இருக்கும். மூன்று மணிக்கு உள்ளே ஒரே ஒரு வேளை வாங்கினால் போதும். அதையும் தலைக்கு ஒன்று என்று ஒரே மூச்சில் சொல்லிவிடக் கூடாது. மூன்று தட்டு வாங்கி நடுவில் வைத்தால், சின்னவன் பாதி தின்றுவிட்டு ஓடுவது தெரிந்துவிடும். தேவையென்றால் நாலாவது வாங்கலாம். வெளியே வந்ததும் ரோட்டோரக் கடையில் டீ. இன்னொரு பொறி, மணிக்கட்டில் கட்டும் ரீசார்ஜ் பட்டையும் கார்டும். தண்ணீரில் பணம் நனையாது என்பது வசதிதான். ஆனால் நோட்டை எண்ணிக் கொடுக்கும் கை கொஞ்சம் தயங்கும், பட்டையைக் காட்டும் கை தயங்குவதில்லை. ஆயிரம் ரூபாய் ஏற்றிவிட்டால், மீதியைத் திரும்ப வாங்கும் வரிசைக்குப் பயந்தே கடைசி நூறு ரூபாய்க்கு ஐஸ்க்ரீம் வாங்குவோம். குறைவாக ஏற்றி, வேண்டுமானால் மறுபடி ஏற்றுவது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இது டிஸ்னிலேண்டின் பிறந்த நாளிலிருந்தே வரும் சண்டை. 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தபோது பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் கழிப்பறை, குடிநீர்க் குழாய் இரண்டில் ஒன்றைத்தான் தயார் செய்ய முடிந்தது. கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார் வால்ட் டிஸ்னி. கொளுத்தும் வெயிலில் குழாயைத் திறந்தவர்கள், குளிர்பானம் விற்கச் செய்த தந்திரம் இது என்று கொதித்தார்கள். அன்றைக்கு அது தற்செயல். இன்றைக்குச் சில இடங்களில் குடிநீர்க் குழாய் கண்ணில் படாத மூலையில் இருப்பதைத் தற்செயல் என்று நம்ப மனம் வரவில்லை. உள்ளே போனதும் குழாய் எங்கே என்று கேட்டுவிடுங்கள். பாட்டில் தண்ணீர் வாங்கினால் அச்சிட்ட விலையைப் பாருங்கள். ஒரே பாக்கெட் பொருளுக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு எம்.ஆர்.பி. அச்சிடக் கூடாது என்பது 2018 ஜனவரி முதல் நடைமுறை. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்கள் சேவையைச் சேர்த்து அதிகம் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது உண்மை. பெட்டிக்கடை ஜன்னல் வழியே பாட்டிலை நீட்டுபவர் எந்தச் சேவையைக் காட்டி அந்தத் தீர்ப்பில் ஒண்டிக்கொள்வார்? ரசீது வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்த விடுமுறைக்கு டிக்கெட் எடுக்கும் முன் பூங்காவுக்கு ஒரு போன் செய்து நாலு கேள்வி கேளுங்கள். சாப்பாடு கொண்டுவரலாமா? கூடாதென்றால் வாசலில் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறதா? மதியம் வெளியே போய்த் திரும்பி வரலாமா? குடிநீர்க் குழாய் எத்தனை, எங்கே? இதே கேள்வி அந்தப் போனில் ஒரு நாளைக்கு ஐம்பது முறை ஒலித்தால், பதில் மாறத் தொடங்கும்.